பச்சைத் தளத்தின் மேல் ஓர் ஊர்

ஆபீசில் நான் தனியாக வரைந்த முதல் வரைபடம் ஒரு படிக்கட்டு. அனுமந்தையைத் தாண்டிக் கடலோரமாக இருக்கும் ஒரு குப்பத்தில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த சமுதாயக் கூடத்தின் வெளிப்படிக்கட்டு அது. தரையில் தொடங்கி மேற்குச் சுவரை ஒட்டியே ஏறி, நேராக மொட்டை மாடியில் போய் முடியும். கதவு இல்லை, பூட்டு இல்லை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஏறலாம், இடுப்பில் குழந்தை இருந்தாலும் ஏறலாம். ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தில் என் கையெழுத்து இருந்தது. அந்தப் படிக்கட்டில் ஒரு நாள் காலை ஊரே ஏறியது. ஏறவே கூடாத நாளில் ஏறியது. இன்றும் தலைக்கு மேல் கூட்டமாகக் காலடிச் சத்தம் கேட்டால் எனக்குக் கழுத்துக்குப் பின்னால் சில்லென்று ஆகிவிடுகிறது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை. நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டுப் பொம்மையார்பாளையத்தில் ஓர் ஆர்க்கிடெக்ட் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். கீழே டயர் கடை, மேலே நாங்கள் ஐந்து பேர். நான் சேர்ந்த புதிதில் கடலைப் பார்த்த மாதிரி வசதியானவர்களுக்கு வீடு வரைவதுதான் ஆபீசின் வேலையாக இருந்தது. சுனாமிக்குப் பிறகு எங்கள் ஆர்க்கிடெக்ட் சார் அந்த வரைபடங்களை எல்லாம் சுருட்டி அலமாரி மேல் போட்டுவிட்டு எங்களை அழைத்துக்கொண்டு குப்பங்களுக்குப் போனார்.

படிக்கட்டு வரைபடத்தின் பிரதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாயில் விரித்துக் காட்டினேன். அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

“படி எங்கடீ?”

“இதோ, இந்தக் கோடுங்கதான்.”

“சீப்பு மாதிரி இருக்குது. இதுக்கா மாசாமாசம் சம்பளம் தர்றாங்க?”

அப்பா கையைத் துண்டில் துடைத்துவிட்டு வந்து வரைபடத்தைச் சுருட்டி, ரேஷன் கார்டு இருக்கும் டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குக் கட்டுகிறோமோ அவர்களோடு உட்கார்ந்து பேசாமல் காகிதத்தில் ஒரு கோடு போடக்கூடாது. சனிக்கிழமைகளில் நானும் சாரும் அந்தக் குப்பத்துக்குப் போவோம். மீன் ஏலம் விடுகிற கொட்டகையில் கூட்டம். மகளிர் குழுவுக்குத் தலைவியாக இருந்த அக்காதான் கூட்டத்தை நடத்துவார். கனத்த குரல். காலை ஏலத்தில் கத்திக் கத்தி ஆன குரல்.

கூட்டம் ஆரம்பிக்கும் விதம் எனக்கு முதல் நாள் விளங்கவே இல்லை. தலைவி அக்கா கொட்டகையின் ஒரு முனையில் நின்றுகொண்டு ஒவ்வொரு வீடாகக் கூப்பிடுவார். வீட்டுக்கு வீடு பட்டப்பெயர்தான். “சைக்கிள் வூடு!” “பெரிய வலை வூடு!” “ரெட்டைப்புள்ள வூடு!” அந்த வீட்டிலிருந்து யாராவது “இருக்கோம்” என்று சொல்ல வேண்டும். சொன்னதும் அந்த வீட்டு ஆட்கள் எல்லோரும் எழுந்து போய் அக்காவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். முன்னால் யாரும் மிச்சமில்லை என்று பார்த்த பிறகுதான் எல்லோரும் உட்காருவார்கள்.

“அன்னைக்கி ஆளுக்கொரு பக்கம் ஓடிட்டோம்மா,” என்று பின்பு அக்கா சொன்னார். “சாயந்தரம் வரைக்கும் யாரு இருக்காங்க, யாரு இல்லன்னே தெரியல. இருக்கறவங்கள தேடிட்டு இருந்தோம். இல்லாதவங்கள தேடாம விட்டுட்டோம். அதுலேர்ந்து நாலு பேரு சேர்ந்தாலே கூப்புட்டுருவோம்.”

அலையை அந்த ஊரில் யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. ‘அன்னைக்கி’ என்றால் போதும். இன்னொன்றும் சொல்வதில்லை. அதை நான் தெரியாமல் சொல்லித்தான் கற்றுக்கொண்டேன். கூடத்துக்குக் குழாய் எந்தப் பக்கம் வைப்பது என்று பேசும்போது, “இந்தத் தெருவுல தண்ணி எப்ப வருது?” என்று கேட்டுவிட்டேன். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் சட்டென்று மடியிலிருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

“இங்க அந்த மாதிரி சொல்லாத பாப்பா,” என்றார் தலைவி அக்கா. “குழா வருதுன்னு சொல்லு. லாரி வருதுன்னு சொல்லு.”

கூடம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. வலை பின்னுகிற ஆண்கள் கிழக்குப் பக்கம் நிழல் கேட்டார்கள். அதனால் மொட்டை மாடித் தளத்தைத் தூண் வரிசையைத் தாண்டி ஓர் ஆள் நீளத்துக்குக் கடலைப் பார்த்து வெளியே நீட்டினோம். பெண்கள் கேட்டது மாடி. ஓடி வந்தால் ஏறி நிற்க ஓர் இடம். படிக்கு ஒரு கேட் போட்டுப் பூட்டலாம் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார்.

“இல்லன்னா பசங்க மேல ஏறி சீட்டு ஆடுவானுங்க, குடிப்பானுங்க.”

“ஆடட்டுமே,” என்றார் அக்கா. “நாம ஓடி வரும்போது அவனுங்க ஏற்கெனவே மேல இருப்பானுங்க. கைய குடுத்து தூக்குவானுங்க இல்ல?”

பெரியவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். பூட்டு போச்சு. படியின் அகலத்தைக் கொட்டகைத் தரையில் கோடு போட்டுக் காட்டினேன். இரண்டு இரண்டு பேராக நடந்து பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. கோட்டைப் பார்த்தாலே “ஓடு, ஏறு, நில்லு” என்று கத்திக்கொண்டு குதிப்பார்கள். யோசிக்காமல் ஏறிவிட வேண்டும் என்று சார் சொன்னார். அதையே நான் அவர்கள் பேச்சில் சொன்னேன். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தோம்.

அலை வந்து ஒரு வருஷம் ஆகப்போகிற சமயத்தில் தளம் போட்டோம். அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. உப்பளத்தில் வேலை இல்லை. பாத்தி எல்லாம் மழைத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. எங்கள் மேஸ்திரிக்குச் சித்தாள் தேவைப்பட, என் அம்மா வந்து சேர்ந்தாள். நான் சொல்லி வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களோடு அவளே போய்க் கேட்டு வாங்கிய வேலை. முதல் நாளே என்னை ஓரமாக இழுத்துப்போய் எச்சரித்தாள்.

“இங்க அம்மான்னு கூப்புட்டு வெக்காத. மேடத்தோட அம்மாவுக்கு மட்டும் நிழல்ல வேலைன்னு சொல்லுவாளுங்க.”

“அப்ப எப்படிக் கூப்புடறது?”

“ஏம்மான்னு கூப்புடு. எல்லாரையும் அப்படித்தானே கூப்புடற?”

அதற்குப் பிறகு நாள் முழுக்க அவள் என்னை மேடம் என்றாள். “மேடம், கொஞ்சம் நவுருங்க, ஜல்லி வருது.” “மேடம் சாப்டாச்சா?” கூட வந்த இரண்டு பெண்களும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மேஸ்திரிக்கு ஒன்றும் புரியாது.

தளம் போட்ட மறுநாள் காலை. படிக்கட்டு முன்பே கட்டி இறுகியிருந்தது. சார் கம்பி விஷயமாகப் பாண்டிச்சேரி போயிருந்தார். தளத்துக்கு முட்டுக் கொடுத்த சென்ட்ரிங் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மேஸ்திரியும் நானும் மட்டும்தான் பொறுப்பு. அம்மாவும் இரண்டு பெண்களும் தளத்தின் மேல் கலவையால் சின்னச் சின்ன வரப்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் தண்ணீர் தேக்கி வைத்தால்தான் தளம் வெடிக்காமல் இறுகும். அந்த ஊர்த் தண்ணீர் உப்பு. உள்ளே இருக்கும் கம்பியைத் தின்றுவிடும். அதனால் நல்ல தண்ணீருக்கு லாரி சொல்லியிருந்தோம். வழக்கமாக வருகிற லாரி பழுதாகிக் கிளியனூர்ப் பக்கத்திலிருந்து வேறு லாரி வருவதாகச் சொன்னார்கள். அதுவும் நேரமாகியும் வரவில்லை.

இறுகாத தளத்தை மேஸ்திரி ‘பச்சை’ என்பார். “பச்சையா இருக்குது, மேல ஆட்டம் போடக்கூடாது.” மேலே மூன்று பெண்கள் மெதுவாக நடந்து வேலை செய்யலாம். அவ்வளவுதான். தளத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது கீழே வரிசையாக நின்ற சவுக்குக் கட்டைகள்தான். ஒவ்வொரு முட்டுக்கும் அடியில் ஒரு பலகை, பலகைக்கும் கட்டைக்கும் நடுவில் இறுக்கிப் பிடிக்க ஓர் ஆப்பு. பலகைக்கு அடியில் மணல். கிழக்கில் வெளியே நீட்டிய பகுதிக்குத் தூணும் கிடையாது. அந்த முட்டுகளை விட்டால் அதற்கு வேறு ஆதாரமில்லை.

லாரி வந்தது. நான் பார்க்கவில்லை. தெருமுனையில், வீடுகளுக்கு அந்தப் பக்கம் வந்தது. தெருவில் வலை காயப்போட்டிருந்தார்கள், பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த அந்த டிரைவரோடு வந்த ஆள் வழி விடச் சொல்லிக் கதவைத் தட்டிக்கொண்டே கத்தினார். எந்த ஊரிலும் லாரிக்காரர்கள் கத்துகிற மாதிரிதான்.

“தண்ணி வருது! நவுரு, நவுரு! தண்ணி வருது!”

எனக்குக் கடைசி வார்த்தைகள் மட்டும்தான் கேட்டன. அதோடு ஒரு பெண்ணின் அலறல். பிறகு தெரு முழுக்க அலறல்.

நான் நம்பினேன். அந்த நேரத்தில் எனக்கு லாரி நினைவே இல்லை. கடல் பக்கம் திரும்பினேன். கரையில் ஏற்றி வைத்த படகுகளும் சவுக்குத் தோப்பும் மறைத்தன. கடல் தெரியவில்லை. தெரியாததுதான் பெரிய பயம். மேற்கே ஓடினால் சாலை, சாலையைத் தாண்டினால் மேடு. என் கால்கள் அந்தப் பக்கம் திரும்பியும்விட்டன.

ஆனால் ஊர் மேற்கே ஓடவில்லை. சந்துகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள், எல்லோரும் ஒரே திசையில் கூடத்தைப் பார்த்து வந்தார்கள். இடுப்பில் பிள்ளை, தோளில் கிழவி. முன்னால் ஓடிவந்த பிள்ளைகள் “ஓடு, ஏறு, நில்லு” என்று கத்திக்கொண்டே வந்தார்கள். விளையாட்டில் கத்தியதே வேறு மாதிரி. இப்போது அழுதுகொண்டே கத்தினார்கள்.

சொல்லிக்கொடுத்த மாதிரியே வருகிறார்களே என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அடுத்த கணம் தளம் பச்சை என்பது நினைவுக்கு வந்தது.

மேஸ்திரி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு படிக்கு முன்னால் போய் நின்றார். “ஏறாதீங்க! ஏறாதீங்க, ஒடஞ்சிடும்!” ஒருவர் அவரை நெஞ்சில் தள்ளினார். அவர் மணலில் விழுந்தார். படி நிறைந்துவிட்டது. இரண்டு இரண்டு பேராக, தள்ளாமல், நான் கோடு போட்டுக் காட்டிய மாதிரி ஏறினார்கள். அவ்வளவு ஒழுங்காக ஏறியது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஏனென்றால் யாரும் படியில் நிற்கவே இல்லை. சீக்கிரம் சீக்கிரமாக மேலே போனார்கள்.

அப்போதுதான் கடைசி வீட்டைச் சுற்றித் திரும்பிக்கொண்டு லாரி வந்தது. நீல நிறத் தொட்டி. மூடி சரியில்லாமல் தண்ணீர் தளும்பித் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தது. கத்திய ஆள் லாரிப் படியில் தொங்கிக்கொண்டு ஆளில்லாத தெருவைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

கடல் வரவில்லை. அது தெரிந்ததும் அழுகை வந்தது. அதே மூச்சில் தளத்துக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. கதவு மெதுவாகத் திறப்பது மாதிரி ஒரு கிறீச். சவுக்குக் கட்டைகள்.

நானும் மேஸ்திரியும் உள்ளே ஓடினோம். மேலே காலடிகள் எல்லாம் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தன. கிழக்கே. கடலைப் பார்க்கப் போகிறார்கள். ஏறியதும் வேறென்ன செய்வார்கள்? நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்துக்குப் போனால்தான் படகுகளுக்கு மேலாகக் கடல் தெரியும். கிழக்கு வரிசையில் ஒரு பலகை ஒரு பக்கமாக மணலில் இறங்கியிருந்தது. அந்தக் கட்டையின் ஆப்பு நழுவி வெளியே கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கட்டையின் ஆப்பும் தளர்ந்து ஆடியது.

“மேல போ,” என்றார் மேஸ்திரி. சுத்தியலை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு ஆப்பை உள்ளே அடிக்கத் தொடங்கினார். “அவங்கள இந்தப் பக்கம் இழு. நான் இத பாக்கறேன்.”

“அண்ணா, நீங்க அடியில—”

“போம்மா!”

அம்மா மேலேதான் இருந்தாள். கிழக்கு ஓரத்தில்தான் வரப்பு கட்டிக்கொண்டிருந்தாள். அதை நினைத்துக்கொண்டே படி ஏறினேன். என்னுடைய எடையும் இப்போது சேருகிறது என்பதையும் நினைத்தேன். ஒவ்வொரு படியிலும் காலை மெதுவாக வைத்தேன். ஊரே ஓடி ஏறிய படியில் நான் மட்டும் பூனை மாதிரி ஏறினேன். யோசித்தால் அசட்டுத்தனம்தான்.

மேலே காலையிலிருந்து கட்டிய வரப்பெல்லாம் மிதிபட்டுக் கூழாகியிருந்தது. எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கு ஓரத்தில் நெருக்கி நின்றார்கள். பின்னால் நின்றவர்கள் முன்னால் இருப்பவர்களின் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

“லாரிதான்! தண்ணி லாரி வந்திருக்குது! எறங்குங்க!” என்று கத்தினேன்.

ஒருவர் திரும்பிப் பார்த்தார். “எறங்கி சாவறதா? நீ போ.”

“அன்னைக்கும் மொதல்ல கடலு சும்மாதான் இருந்துச்சி,” என்றாள் ஒரு பெண், என்னைப் பார்க்காமலே.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். இந்த ஓரம் உடைந்துவிடும் என்று சொல்லலாம். சொன்னால் எல்லோரும் ஒரேயடியாகப் படிக்கு ஓடுவார்கள். அந்த ஓட்டமே தளத்தை உடைத்துவிடும், அல்லது படியில் பிள்ளைகள் மிதிபடுவார்கள். சொல்லாவிட்டால் இப்படியே நிற்பார்கள். கீழே மேஸ்திரியின் சுத்தியல் சத்தம் தளத்தின் வழியாக என் பாதத்தில் தட்டியது. படித்த படிப்பில் முட்டு எத்தனை எடை தாங்கும் என்று இருந்தது. அதன் மேல் நிற்கிறவர்களை எப்படி நகர்த்துவது என்று இல்லை.

தலைவி அக்கா ஓரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரிடம் போய் அவர் காதருகில் சொன்னேன்.

“அக்கா, வூடு கூப்புடுங்க.”

“இன்னாது?”

“எல்லாரும் இருக்காங்களான்னு கூப்புடுங்க. படிகிட்ட வந்து நின்னு கூப்புடுங்க. இப்பவே.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ தெரியவில்லை, பேத்தியை இழுத்துக்கொண்டு மேற்கே படியின் தலைமாட்டுக்குப் போனார். அங்கே கீழே சுவர் இருக்கிறது, தூண் இருக்கிறது. திரும்பி நின்று ஏலக்குரலை எடுத்தார்.

“சைக்கிள் வூடு!”

யாரும் அசையவில்லை.

“சைக்கிள் வூடு! எவனாவது இருக்கீங்களா, இல்லியாடா?”

“இருக்கோம்! இருக்கோம்க்கா!” ஒரு குடும்பம் கூட்டத்திலிருந்து பிய்ந்து வந்தது. வந்து அக்காவுக்குப் பின்னால் நின்றது.

“பெரிய வலை வூடு!”

“இருக்கோம்.”

“ரெட்டைப்புள்ள வூடு!”

“ரெண்டும் இருக்குது!”

ஒவ்வொரு வீடாக வந்தது. யாரும் ஓடவில்லை. கூப்பிடும்போது ஓடினால் தன் வீட்டு ஆள் தவறிவிடும் என்று ஒருவரை ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒரு வீட்டைக் கூப்பிட்டபோது பதில் வரவில்லை. அக்கா மறுபடி கூப்பிட்டார். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு தாத்தா கையைத் தூக்கினார். “காது கேக்கல, இருக்கேன்.” யாரோ சிரித்தார்கள். அழுதுகொண்டே சிரித்த சிரிப்பு.

பின்னால் இடம் நிறைய நிறைய, பதில் சொன்ன வீடுகளை நான் படியில் இறக்கிவிட்டேன். இப்போது இறங்கினார்கள். தன் வீடு முழுசாக இருக்கிறது என்று சொல்லி முடித்தவர்களுக்கு லாரி கண்ணில் பட்டது.

கடைசியில் கிழக்கு ஓரத்தில் மூன்று பேர் மட்டும் நின்றார்கள். அம்மாவும் கூட வந்த இரண்டு பெண்களும். அம்மா கையில் கலவை சுமக்கும் இரும்புப் பாண்டு அப்படியே இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. முகம் சாம்பலாக இருந்தது. அவர்கள் அந்த ஊர் இல்லை. அவர்கள் வீட்டை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் எப்படி வருவது என்பது போல நின்றார்கள். நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

“இவங்க எந்த வூடு?” என்று அக்கா என்னைக் கேட்டார்.

“எங்க வூடு,” என்றேன். “அது எங்க அம்மா.”

அக்கா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி, மற்ற வீடுகளைக் கூப்பிட்ட அதே சத்தத்தில் கூப்பிட்டார்.

“மேடம் வூடு!”

“இருக்கோம்,” என்றாள் அம்மா. மெதுவாக நடந்து வந்தாள். என்னைத் தாண்டிப் படியில் கால் வைக்கும்போது பாண்டை என் கையில் கொடுத்துவிட்டு என் தோளை ஒருமுறை இறுகப் பிடித்தாள். நகம் பதிந்தது.

நான் கடைசியாக இறங்கினேன். மேஸ்திரி கிழக்கு வரிசைக்கு அடியிலிருந்து தவழ்ந்து வந்தார். சட்டையெல்லாம் மணல். சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு நேராக லாரிக்குப் போய் அந்த ஆளின் சட்டையைப் பிடித்தார். அந்த ஆள் அழுதுவிட்டார். “நான் இன்னா சொன்னேன்? தண்ணி வருதுன்னுதானே சொன்னேன்!” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கு இன்னும் விளங்கவில்லை. பெண்களே போய் மேஸ்திரியின் கையை விலக்கிவிட்டார்கள்.

மத்தியானம் சார் வந்தார், பாண்டிச்சேரியிலிருந்து இன்ஜினியரையும் அழைத்து வந்தார். கிழக்கு நீட்டல் தூணோடு சேரும் இடத்தில் நெடுக ஒரு கீறல் விழுந்திருந்தது. தலைமுடி மாதிரிதான் இருந்தது. இன்ஜினியர் அதில் விரலை வைத்துக்கொண்டே போனார், விரல் தளத்தின் மறுமுனை வரைக்கும் போனது. இன்னும் கொஞ்ச நேரம் அவர்கள் அங்கே நின்றிருந்தால் என்று யாரும் பேசவில்லை. நீட்டிய பகுதியை மட்டும் உடைத்துவிட்டு மறுபடி போட வேண்டும் என்று முடிவாயிற்று. அதுவரை யாரும் ஏறாமல் இருக்கப் படிக்குக் குறுக்கே கயிறு கட்டி முள் போடச் சொன்னார் சார்.

கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும்போது தலைவி அக்கா வந்தார். கூட ஏழெட்டுப் பெண்கள்.

“எத்தன நாளைக்கி சார் இது?”

“புதுசா போட்டு அது இறுகற வரைக்கும். ஒரு மாசம் ஆகும்.”

“அந்த ஒரு மாசத்துல நெஜமாவே வந்துட்டா?”

சார் பாதி கட்டிய கயிற்றைப் பார்த்தார்.

“கயிறு இருக்குதுன்னு நின்னுடுவோம்னு நெனக்கிறீங்களா? அறுத்துட்டு ஏறுவோம் சார். புள்ளைங்களுக்கு வேற எதுவும் தெரியாது. இந்தப் பாப்பாதான் சொல்லிக் குடுத்துச்சி.” அக்கா என்னைக் காட்டினார். கோபமாகக் காட்டவில்லை. “ஏறாத மாதிரி பண்ணாதீங்க. ஏறினா தாங்கற மாதிரி பண்ணுங்க.”

அன்று ஆபீஸ் ஜீப்பில் திரும்பும்போது அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். மேடம் என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. அவள் கூப்பிட மாட்டாளா என்று எனக்கு இருந்தது.

முட்டுகளுக்கான வரைபடத்தை இந்த முறை நானே வரைந்தேன். இன்ஜினியர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஊரே மேலே நின்றாலும், தளம் பச்சையாகவே இருந்தாலும், கீழே இருக்கும் கட்டைகள் மட்டும் தாங்க வேண்டும் என்று கணக்கு. பலகைக்குப் பதில் அடியில் கல் பரப்பினோம். சவுக்குக் கட்டைகளை அவ்வளவு நெருக்கமாக நிறுத்தியதில் உள்ளே ஆள் நடக்க முடியவில்லை, பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும்.

“நாங்க நிழல் கேட்டோம், நீங்க தோப்பே வெச்சிட்டீங்க,” என்று வலை பின்னுகிறவர்கள் கேலி செய்தார்கள்.

மார்கழி பிறந்த பிறகு நீட்டலைப் புதிதாகப் போட்டோம். போட்டுச் சில நாளில் தலைவி அக்கா ஆள் அனுப்பினார். ஊருக்கு ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும், ஏறிப் பார்க்காத மாடியை நம்ப முடியாது என்றார்கள். அலை வந்த நாள் திரும்ப வருவதற்குள் பார்த்துவிட வேண்டும். இன்ஜினியர் ஏறலாம் என்றார். சார் என்னைப் பார்த்தார். முட்டு வரைபடத்தில் என் கையெழுத்துதான் இருந்தது.

“ஏறலாம்,” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பெண்கள் படிக்குக் கீழே கூடி நின்றார்கள். வீட்டுக்கு இரண்டு பேர், ஒவ்வொரு வீடாகத்தான் ஏற வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். அம்மாவும் சித்தாள் பெண்களும் ஓரமாக நின்றார்கள்.

“நீ எங்க நிப்ப?” என்று அக்கா கேட்டார். “எங்க கூட மேலயா?”

“இல்லக்கா. கீழ.”

“எதுக்கு? பயமா?”

“பயமாத்தான் இருக்குது. கீழ இருந்தாத்தான் கட்டை தாங்குதான்னு எனக்குத் தெரியும்.”

அவர் தலையாட்டினார். அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அப்படியே நின்றாள்.

நான் கட்டைகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து கிழக்கு வரிசைக்குப் போனேன். உள்ளே சவுக்குப் பட்டை வாசனையும் ஈரச் சிமெண்டு வாசனையும். வெளிச்சம் கோடு கோடாக விழுந்தது. இரண்டு முட்டுகளின் ஆப்புகள் மேல் ஒன்றுக்கு ஒரு கையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை நடுங்கியது. கட்டை நடுங்கவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று புரியாமல் கையை எடுத்துத் தொடையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.

படியில் முதல் வீடு ஏறும் சத்தம் கேட்டது. பிறகு தலைக்கு மேல், தூணைத் தாண்டி, நீட்டலின் மேல் ஒரு காலடி விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. என் கைக்கு அடியில் ஆப்பு அசையவில்லை.